வாசலிலேயே வெற்றிலை

"இன்னாம்மா இது? இப்பத்தான் எறங்கிக்கினு கீறாங்க... அதுக்குள்ள வெத்தல குடுத்து அனுப்பறே! நான் வண்டிய திருப்பிக்கவா?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தியாகராய நகரில் எங்கள் வீட்டு வாசலில், ஜட்கா வண்டிக்காரர் என்னைக் கேட்ட கேள்வி இது.

அவர் மேல் தப்பில்லை. எழும்பூரிலிருந்து அவ்வளவு தூரம் குதிரையை ஓட்டி வந்திருக்கிறார். வண்டியிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் அப்போதுதான் காலைத் தரையில் வைக்கிறார்கள். நானோ கேட்டைத் திறந்துகொண்டு ஓடிப்போய், ஒரு கட்டு வெற்றிலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்த அம்மாளின் முன்னால் குனிந்து நிற்கிறேன். 'உள்ளே வாருங்கள்' என்று சொல்லவில்லை. 'பிரயாணமெல்லாம் சௌகரியமா?' என்று கேட்கவில்லை. நேராக வெற்றிலை!

உள்ளேயிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. "ஏ புள்ள! ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? கடல் தாண்டி வந்தவுகள வாசல்ல வச்சே அனுப்புதியே!"

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. என் கணவர் வண்டியின் பின்பக்கம் நின்று பெட்டியை இறக்குவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். அப்புறம் சிரித்தார் பாருங்கள் — குதிரை காதை நிமிர்த்திக்கொண்டது!

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதை இங்கே எழுதலாமா, நம்முடைய அசட்டுத்தனத்தை நாமே அச்சில் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தேன். குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா கூடாதா என்பதற்கே இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவள் நான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்களுடையது பழக்கடை. பனகல் பார்க்குக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. என் கணவரின் அண்ணனுக்குப் பக்கத்திலேயே ஜவுளிக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து ஜவுளியில் காலூன்றியவர் அவர். பழக்கடையை மூடிவிட்டு அந்த இடத்தையும் ஜவுளிக்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"பழம் அழுகும். துணி அழுகுமாடே?" என்று கேட்பார்.

கடைசியில், "ஒரே ஒரு சீசன் பாரு. உருப்படியா ஒரு சரக்குக்கு வழி பண்ணு. இல்லாட்டி கடையை எங்கிட்ட விட்டுரு" என்று கெடு வைத்துவிட்டார்.

என் கணவருக்கு நம்பிக்கை இருந்தது ஒரு பழத்தின் மேல். மங்குஸ்தான். இலங்கையில் களுத்துறைப் பக்கம் விளைவது. யுத்தம் முடிந்து மறுபடியும் மதராஸுக்கு வர ஆரம்பித்திருந்தது. ஆனால் நாலு பேர் கை மாறி வருவதற்குள் பாதி கல்லாகிவிடும். கல் என்றால் நிஜமாகவே கல்! மரத்திலிருந்து கீழே விழுந்த மங்குஸ்தானின் ஓடு இறுகிப்போய்விடும், கத்தி இறங்காது. தரையில் விழாமல் கையால் வாங்கிப் பறிக்க வேண்டும். அப்படிப் பறிக்கிறவர் யார் என்று தெரியாமல் கூடையை மட்டும் பார்த்து எப்படி வியாபாரம் செய்வது?

"சரக்கப் பாத்தாப் போதாது. சரக்கு வெளையுத வீட்டப் பாக்கணும்" என்பார் இவர்.

களுத்துறையில் பியதாச என்று ஒரு தோட்டக்காரர் இருப்பதாகத் தெரிந்தது. அவருக்குச் சிங்களம்தான் தெரியும். அந்த ஊரில் கடை வைத்திருந்த காசிம் நானா என்பவர் அவருக்காகத் தமிழில் கடிதம் எழுதுவார். நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். நாலைந்து கடிதம் போய் வந்த பிறகு ஒரு பதில் வந்தது.

'குடும்பத்தோடு வரவும். உங்களைப் பார்த்த பிறகுதான் பழம். முன்பு ஒரு வியாபாரி தனியாக வந்தார். நல்ல வார்த்தை பேசினார். ஒரு சீசன் பழம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர் முகத்தைக் காணவில்லை.'

குடும்பம் என்றால் யார்? நான். என் மூன்று வயது வள்ளி.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சமுத்திரம்! ஸ்டீமர்! குழந்தைக்கு அம்மை குத்தியாகிவிட்டது, ஆனால் டைபாய்டு? ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய காய்ச்சின தண்ணீர், ஓமம், கிரைப் வாட்டர், பார்லி, மாற்று உடுப்பு ஒன்பது... பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். போகாவிட்டால் கடை போய்விடும். போனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எது சரி? எனக்கு இன்றுவரை தெரியாது. புருஷன் கூப்பிட்டார், போனேன்.

மாமியார் ஒரு டப்பா முறுக்கைக் கையில் கொடுத்து, "வெறுங்கையோட ஒருத்தர் வீட்டுப் படியேறக் கூடாது, கேட்டியா?" என்று சொல்லி அனுப்பினார்.

போட் மெயில், தனுஷ்கோடி, ஸ்டீமர், மறுபடி ரயில்... வள்ளி வழி நெடுகச் சிரித்துக்கொண்டு வந்தாள். வாந்தி எடுத்தவள் நான்தான்.

கொழும்பில் ஒரு ராத்திரி தங்கினோம். மறுநாள் நாலு மணிக்குத் தோட்டத்து வீட்டுக்கு வரும்படி நானா எழுதியிருந்தார். அவரும் அந்த நேரத்துக்கு வந்து எங்கள் பேச்சை அவர்களுக்குச் சொல்வதாக ஏற்பாடு.

நாலு மணி என்றால் நாலு மணிக்குப் போவதுதானே முறை? ஆனால் நான் விடுவேனா? அந்த ரயில் லேட்டானால்? மழை பிடித்துக்கொண்டால்? முதல் முதலில் போகிற இடத்தில் காக்கவைத்த பெயர் வரலாமா? நச்சரித்து, முந்தின ரயிலிலேயே இவரை ஏற்றிவிட்டேன். ஆக, ஒரு மணிக்கே, தமிழ் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லாத நேரத்தில், அந்த வீட்டு வாசலில் போய் நின்றோம்.

என்னுடைய ஜாக்கிரதையால் நடந்தது அது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

அடர்த்தியான பச்சை மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. வெள்ளை உடை உடுத்திய ஓர் அம்மாள் எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டு உள்ளே ஓடினார். வெகுநேரம் வரவில்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. நாற்காலிகளின் மேலெல்லாம் வெள்ளைத் துணி விரித்து மூடியிருந்தது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள்தானே நாற்காலியைத் துணி போட்டு மூடுவார்கள்? அல்லது... யாராவது காலமாகிவிட்டார்களா?

அந்த அம்மாள் வந்தார். கையில் ஒரு கட்டு வெற்றிலை. இரண்டு கையாலும் ஏந்தி, காம்பு எங்கள் பக்கம் இருக்கும்படி நீட்டி, நன்றாகக் குனிந்து ஏதோ சொன்னார்.

நம் வீடுகளில் வெற்றிலையை எப்போது கொடுப்போம்? வந்த காரியம் முடிந்து, காபி குடித்து, 'அப்போ நான் வரட்டுமா' என்று எழுந்த பிறகு. 'போய் வாருங்கள்' என்பதை வாயால் சொல்லாமல் கையால் சொல்கிற மரியாதை அது. கொடுத்துவிட்டால் அப்புறம் உட்கார முடியுமா?

படிகூட ஏறவில்லை. எங்களுக்கு விடை கொடுத்தாகிவிட்டது!

இவர் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் மனிதர் தலை குனிந்து வெற்றிலையை வாங்கிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்மா" என்று தமிழிலேயே சொல்லிக் கும்பிட்டார். திரும்பி நடந்தார். நான் வள்ளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அந்த அம்மாள் முதுகுக்குப் பின்னால் என்னவோ சொன்னது கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஸ்டேஷனில் கொழும்பு ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெட்டி மேல் வள்ளியை உட்காரவைத்தேன். இவர் சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திட்டி அனுப்பல. மரியாதையாத்தான் அனுப்பினாங்க" என்றார். "அண்ணனுக்குத் தந்தி அடிச்சிரலாம். கடைக்கு ஜவுளிப் போர்டு எழுதட்டும்."

என்னால்தான். சாப்பாட்டு வேளையில் போய் நின்றது என்னால்தான். அல்லது என் புடைவையில் இருந்த கறையைப் பார்த்திருப்பாரோ? குழந்தை மூக்கைத் துடைக்காமல் விட்டேனோ? இப்படி எத்தனை உண்டோ அத்தனையும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே மடியில் இருந்த வெற்றிலைக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

பாக்கு இல்லை. மஞ்சள் இல்லை. குங்குமம் இல்லை.

குழந்தையோடு வந்த ஒரு சுமங்கலியை, எவ்வளவு வேண்டாதவளானாலும், குங்குமம் கொடுக்காமல் அனுப்புவார்களா? ...அவர்கள் வழக்கம் என்னவோ? நமக்கென்ன தெரியும்? சரிதான், ஆனால் வேண்டாத ஆளுக்கு அவ்வளவு குனிந்தா கொடுப்பார்கள்?

வள்ளி பெட்டி மேல் நெளிந்தாள். "இது வேணாம். எனக்கு அந்த நாற்காலி."

"எந்த நாற்காலி கண்ணு?"

"அங்க இருந்துச்சே... வெள்ளையா. குட்டியா."

ஆமாம். துணி போட்ட பெரிய நாற்காலிகள் இரண்டு. அவற்றுக்கு நடுவில் குட்டையாக ஒன்று இருந்தது. நானும் பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. பியதாசவின் பிள்ளைகள் பெரியவர்களாகி வேலைக்குப் போய்விட்டதாக நானா எழுதியிருந்தாரே! அந்த வீட்டில் குட்டி நாற்காலி யாருக்கு?

இரண்டு பெரியது. ஒன்று சின்னது. நாங்கள் மூன்று பேர்.

"என்னங்க... திரும்பிப் போவோம்" என்றேன்.

"சும்மா இரு. வெத்தல வாங்கிட்டு மறுபடி படியேறுததுக்கு எனக்கு மூஞ்சி கெடயாது."

அவரிடம் நாற்காலிக் கணக்கைச் சொன்னால் நம்புவாரா? எனக்கே பாதிதான் நம்பிக்கை. அப்போதுதான் பெட்டி ஓரத்தில் டப்பா தெரிந்தது.

"முறுக்கைக் கொடுக்கவே இல்லைங்களே! திருப்பி எடுத்துக்கொண்டு போனால் அத்தை என்ன சொல்லுவாங்க? நீங்க வர வேண்டாம். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்."

"தெரியாத ஊர்ல நீ தனியா ஓடுவியாக்கும்!" என்று அலுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினார். கடையைக் காப்பாற்ற வராதவர், முறுக்குக்காக வந்தார். மாமியாருக்கு என் முதல் நமஸ்காரம்!

நாங்கள் போனபோது அந்த அம்மாள் கூடத்தில்தான் இருந்தார். பெரிய நாற்காலிகள் இரண்டின் துணியையும் எடுத்து மடித்து வைத்திருந்தார். சின்னதன் துணியை மட்டும் எடுக்காமல் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

என்ன சொல்வது? எந்தப் பாஷையில் சொல்வது? அவர் செய்தது போலவே நானும் இரண்டு கையாலும் டப்பாவை ஏந்தி, குனிந்து நீட்டினேன். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். அப்புறம் மெள்ள, பயந்து பயந்து, அந்தச் சின்ன நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினார்.

வள்ளிக்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. ஓடிப்போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த அம்மாள் மடித்த துணிகளை உதறி மறுபடியும் விரித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! சீவின செவ்விளநீர் வந்தது. குழந்தைக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது என்று மதராஸிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டு வந்தேனே... கடவுள் காய்ச்சிக் குடுக்கையில் அடைத்துக் கொடுத்த தண்ணீர்! நான் இரண்டு குடித்தேன். பிளாஸ்க் பையைவிட்டு வெளியே வரவில்லை.

நாலு மணிக்குப் பியதாசவும் காசிம் நானாவும் சேர்ந்து வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அல்லாவே! தம்பி, இங்க வெத்திலை தாறது 'வாங்கோ' எண்டு சொல்லத்தான். வீட்டுக்கு வாற பெரிய மனிசருக்கு வாசல்லயே குடுக்கிறது. வெள்ளைத் துணி விரிக்கிறதும் அதுக்குத்தான். நீங்க ஆசையா வாங்கிக்கொண்டு அப்பிடியே போயிட்டீங்களாமே!"

எல்லோரும் சிரித்தோம். நான் தயங்கித் தயங்கி, "நாங்கள் போனதும் அந்த அம்மாள் என்ன நினைத்தார்கள்?" என்று கேட்டேன்.

சோமாவதி அம்மாள் — அதுதான் பியதாசவின் மனைவி பெயர் — தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நானாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இந்தியாக்காரங்க ஆசாரம் பாக்கிறவங்க, நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாங்க, அதுதான் வாசலோட போயிட்டாங்க எண்டு நெனச்சாவாம்."

நான் வேகமாகத் தலையாட்டினேன். இல்லவே இல்லை! ஆனால்... அந்தச் சந்தேகம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? நம்மவர்கள் யாரோ, எங்கேயோ, அப்படி ஒரு வாசலோடு திரும்பியிருக்கிறார்கள். நாங்கள் அந்த ரயிலில் ஏறியிருந்தால் அந்தப் பட்டியலில் நாங்களும் சேர்ந்திருப்போம். அவருக்கும் தெரிந்திருக்காது, எங்களுக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார் பியதாச. நீளக் கழியின் நுனியில் துணிப்பை கட்டி, பழம் தரையைத் தொடாமல் வாங்குகிறார்கள். கருநீலப் பழத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வள்ளியிடம் காட்டினார். அங்கே பூப்போல ஓர் அடையாளம். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை! வள்ளி எண்ணினாள், ஆறு. உடைத்தார், ஆறு. வெளியிலேயே உள்ளதைச் சொல்லிவிடுகிற பழம். மனிதர்களுக்கும் அப்படி ஓர் அடையாளம் இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

இருட்டுவதற்கு முன்னால் பியதாச தம் முடிவைச் சொன்னார்.

"பழம் உங்களுக்குத்தானாம் தம்பி" என்றார் நானா. "முந்தி வந்தவனும் இந்த வாசல்லதான் வெத்திலை வாங்கினான். உள்ள வந்தான், உண்டான், போனான், திரும்பி வரல்ல. நீங்க உள்ள வராமலே போனீங்க, ஆனாத் திரும்பி வந்தீங்க. திரும்பி வாற ஆள்தான் எனக்கு வேணும் எண்டு சொல்றார்."

இவர் என்னைப் பார்த்தார். நான் முறுக்கு டப்பாவைப் பார்த்தேன்.

அந்த சீசன் பழம் வந்தது. அதற்கடுத்த சீசனும் வந்தது. ஒருமுறை காற்றும் மழையுமாக ஸ்டீமர் தாமதித்ததில் ஆறு கூடை அழுகிப்போய் வந்து சேர்ந்தது. நடந்ததை நடந்தபடி இவர் எழுதினார். நம்புவார்களா என்று நான் வழக்கம்போல் கவலைப்பட்டேன். 'எங்கள் நாற்காலியில் உட்கார்ந்த குழந்தையின் அப்பா எழுதினால் சரியாகத்தான் இருக்கும்' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கடையும் பழக்கடையாகவே இருக்கிறது. அண்ணன் இப்போது சாயங்காலத்தில் வந்து பழத்தைக் கவிழ்த்து இதழ் எண்ணிவிட்டுத்தான் உடைக்கிறார்.

என்னுடைய 'இப்படியிருக்குமோ, அப்படியிருக்குமோ'வை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். நாலு மணிக்குப் போக வேண்டிய இடத்துக்கு ஒரு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் அதுதான். போனவர்களைத் திருப்பி அழைத்து வந்ததும் அதுதான். வசவும் நன்றியும் ஒரே விலாசத்துக்குப் போகின்றன!

போன ஞாயிறு பியதாசவும் சோமாவதி அம்மாளும் வந்தது புத்தகயை யாத்திரைக்கு. வழியில் எங்களோடு இரண்டு நாள். வாசலில் வெற்றிலை, கூடத்தில் சலவை வேட்டி விரித்த நாற்காலி — ஒன்றும் குறை வைக்கவில்லை. கதை முழுவதும் கேட்ட மாமியார், "என் முறுக்குல்லா கடையக் காப்பாத்திருக்கு!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கல்கத்தா மெயிலுக்குக் கிளம்பினார்கள். அதே ஜட்கா வந்து நின்றது. மாமியார் நம் முறைப்படி தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் வைத்து, கண் கலங்கக் கொடுத்தார்.

சோமாவதி அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று படியேறி, கூடத்துக்கு வந்து, வெள்ளை வேட்டி விரித்த நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார்.

வண்டிக்காரர் தலைப்பாகையைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யம்மா, நெசமா கேக்கறேன்... இவங்க போறாங்களா, வர்றாங்களா?"

மெயிலுக்கு நேரமிருந்தது. நான் போய்க் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன்.